கணக்குக் கேட்க முடியாதவருக்கும் கணக்கு உண்டு

பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: ஆமோஸ் 8:4-7, 1 திமொத்தேயு 2:1-8, லூக்கா 16:1-13



இன்றைய நற்செய்தியில் வீட்டுப் பொறுப்பாளர் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். தலைவரின் சொத்தைப் பாழாக்குகிறார் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். தலைவர் ஆளைக் கூப்பிட்டு, கணக்கை ஒப்படைக்கச் சொல்கிறார். எத்தனையோ முறை கேட்ட உவமைதான். ஆனால் இதில் ஒன்றை நாம் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தத் தலைவருக்குக் கணக்குக் கேட்கும் திராணி இருந்தது. தகவல் சொல்ல ஆள் இருந்தது, கணக்கை வாங்கிப் பார்த்தால் புரிந்துகொள்ளும் தெளிவு இருந்தது. அதனால்தான் பொறுப்பாளர் பிடிபட்டார்.

சொத்துக்கு உரியவருக்கு அந்தத் தெளிவு இல்லாமல் போயிருந்தால்? தன் பெயரில் எத்தனை ஏக்கர் இருக்கிறது, தனக்கென்று வந்த பணத்தில் தனக்காக எவ்வளவு செலவானது என்று கேட்க முடியாத மனநோயாளியாக அவர் இருந்திருந்தால், உவமை இரண்டாம் வரியோடு முடிந்திருக்கும். பொறுப்பாளரும் ஊரில் நல்ல பெயரோடு வாழ்ந்து முடித்திருப்பார்.

இதற்குப் பதில் முதல் வாசகத்தில் இருக்கிறது. ஆமோஸ் ஆடு மேய்த்தவர், அத்திமரத் தோட்ட வேலை பார்த்தவர். நம் காட்டு வேலைக்காரரைப் போலத்தான் பேசுகிறார். மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, ஏழையைக் காசுக்கு வாங்கும் வியாபாரிகளைப் பார்த்து, ஆண்டவர் இதில் ஒன்றையும் மறக்கப்போவதில்லை என்று ஆணையிட்டுச் சொல்கிறார். கேட்க நாதியில்லாதவருக்காகக் கணக்குக் கேட்பவர் ஆண்டவர். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அதை நம் மண்ணில் நடந்த ஒரு வரலாற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

1794இல் சென்னையில் வாலன்டைன் கொனொலி என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 16 பேர் தங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பும் நோயாளிகளுக்குக் கம்பெனியே பணம் கட்டியது. விடுதி தனியாருடையது, செலவு அரசுடையது, லாபம் நடத்துபவருடையது. பிறகு அது கைமாறியது. ஜேம்ஸ் டால்டன் என்ற மருத்துவர் வாங்கி, 54 பேர் தங்குமளவுக்குப் பெரிதாக்கினார். அங்கே இருந்த எல்லாரையும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. பராமரிப்பு வியாபாரமாகும்போது ஒரு சிக்கல் தானாக வந்து சேர்கிறது என்றுதான் சொல்கிறேன். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனால் ஒரு வரும்படி போய்விடும். ஓய்வு நாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த ஆமோஸ் காலத்து வியாபாரிக்கும் இந்த நிலைக்கும் தூரம் அதிகமில்லை. ஒருவருடைய துன்பம் இன்னொருவருடைய வருமானம் ஆகும் இடத்தில் எல்லாம் கணக்குப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

அந்த வெளியாள் சட்டத்தில் வந்தது 1858இல். அந்த ஆண்டின் 36ஆம் சட்டம் அரசு மனநோயாளி விடுதிகளுக்கு வழி செய்தது. அவற்றைப் பார்வையிட அதிகாரமுள்ள பார்வையாளர்களை நியமிக்கவும் சொன்னது. 1871இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு விடுதி 145 நோயாளிகளோடு திறக்கப்பட்டது. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று நம் ஊர் டீக்கடையில் இன்றும் கேலி பேசுகிறோமே, அந்த இடம்தான். கோவையில் தெருவில் திரியும் ஒருவரைப் போலீஸ் பிடித்து நீதிபதி முன் நிறுத்தி, மருத்துவர் சான்று எழுதிக் கொடுத்தால், அவரை விடுதிக்கு அனுப்ப அந்தச் சட்டப்படி உத்தரவு போட முடிந்தது. கோவையிலிருந்து கீழ்ப்பாக்கம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போன ஒருவரைப் பார்க்க எத்தனை சொந்தம் ரயிலேறியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சென்னை மாகாண விடுதிகளைப் பற்றி ஆண்டறிக்கைகள் அச்சாயின. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதி, அதன் பக்கத்திலேயே சாப்பாட்டுக்கு இவ்வளவு, துணிமணிக்கு இவ்வளவு, ஆள் ஒருவருக்குச் சராசரி இவ்வளவு என்று கட்டம் போட்டிருப்பார்கள். கட்டணம் கட்டும் நோயாளிகளிடம் வந்த தொகைக்கு ஒரு கட்டம். நோயாளிகளின் உழைப்பில் வந்த தொகைக்கு இன்னொன்று. நோயாளியிடம் சொத்து இருந்தால் அதிலிருந்தும், அவரைக் காப்பாற்றச் சட்டப்படி கடமைப்பட்ட உறவினரிடமிருந்தும் செலவை வசூலிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஐரோப்பியருக்கு ஒரு தரம், நம் மக்களுக்கு ஒரு தரம் என்ற பாகுபாடும் அந்த விடுதிகளில் இருந்தது. அன்பு அந்தக் கட்டங்களில் எங்கும் தென்படாது. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை அந்த ஏட்டைத் திறந்து காட்டியே ஆக வேண்டியிருந்தது. அன்பு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் பலர் அந்த அளவுக்குக்கூட ஏட்டைத் திறப்பதில்லை.

அடுத்து வந்தது 1912ஆம் ஆண்டு இந்திய மனநோயாளிகள் சட்டம். பல பத்தாண்டுகள் நம் மாவட்ட நீதிமன்றங்கள் இந்தச் சட்டத்தின்படிதான் நடந்தன. ஒருவர் மனநோயால் தன் சொத்தை நிர்வகிக்க முடியாமல் போனால், நீதிமன்றம் சொத்துக்கு ஒரு மேலாளரையும் ஆளுக்கு ஒரு காப்பாளரையும் நியமிக்கலாம். மேலாளர் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. கணக்குச் சரியில்லை என்று சந்தேகப்பட்டால் உறவினர் மனுப் போடலாம். இதோடு இன்னொரு விதியும் இருந்தது. நோயாளி இறந்தால் சொத்து யாருக்குப் போகுமோ, அந்த வாரிசை நோயாளியின் காப்பாளராகச் சாதாரணமாக நியமிக்கக் கூடாது. அது நோயாளிக்கே நன்மை என்று நீதிமன்றம் கருதினால் மட்டும் விதிவிலக்கு.

இந்த விதியை எழுதியவர் மனித மனத்தை நன்றாக அறிந்தவர். ஒருவர் நீண்ட நாள் வாழ்ந்தால் எனக்கு நட்டம், சீக்கிரம் போய்விட்டால் லாபம் என்றிருக்கும்போது, அவருடைய சோற்றுத் தட்டும் மருந்துச் சீட்டும் என் கையில் இருப்பது எனக்கே ஆபத்து. என் ஆன்மாவுக்கு ஆபத்து. பிறருக்கு உரியதைக் கையாளுவதில் நேர்மை இல்லாதவருக்கு அவருக்கென்று உள்ளதை யார் கொடுப்பார் என்று ஆண்டவர் இன்று கேட்பது இந்த இடத்தைத் தொட்டுத்தான்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் காட்டுக்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோளமும் பருத்தியும் போட்ட மானாவாரிக் காடு இன்று வீட்டுமனையாக விலை போகிறது. பாகப்பிரிவினை பேச உட்காரும்போது, 'அவனுக்கு எதுக்குங்க பங்கு, அவனுக்கு என்ன தெரியும்' என்ற பேச்சு சில குடும்பங்களில் வருகிறது. சில வருடங்களுக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு புது வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். மாடி வீடு, தரையெல்லாம் பளபளவென்று கல். ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனால், பழைய சாளை ஒன்று. அதில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரரின் அண்ணன். வேட்டி துவைத்துத்தான் இருந்தது, பக்கத்தில் அலுமினியத் தட்டில் சோறும் இருந்தது. அவர் இடது கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். விரலில் நீல மை இன்னும் அழியவில்லை.

"ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க சாமி. புரோட்டா வாங்கிக் கொடுத்தாங்க" என்றார்.

தம்பி என் முகத்தைப் பார்க்காமல், "சோறு போடறது நாங்கதானுங்க சாமி" என்றார். அதுவும் பொய்யில்லை.

அன்பு மக்களே, மனநிலை தெளிவில்லாதபோது செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. அது நீதிமன்றத்தின் பேச்சு. ஆண்டவர் முன் அந்தத் தம்பி கொடுக்க வேண்டிய கணக்கு வேறு. சோறு போட்டது ஒரு பக்கம் எழுதப்படும். புரோட்டாவுக்கு விலையாகப் போன காடு மறுபக்கம் எழுதப்படும்.

அந்தத் தம்பியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடவும் முடியாது. நம் ஆலயத்திலேயே வேறு மாதிரியான குடும்பங்களும் இருக்கின்றன. மகனுக்கு மாத்திரை வாங்கத் தாலிக்கொடியை அடகு வைத்த தாய் இருக்கிறார். விசைத்தறி ஷிப்டை விட்டுவிட்டு, மாதம் தவறாமல் மனைவியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிற கணவர் இருக்கிறார். போன அன்று கூலி இல்லை. திருவிழாவுக்கு அவர்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை, கல்யாணப் பத்திரிகையும் வருவதில்லை. அவர்களுடைய செலவுக் கணக்கை நாம் யாராவது கேட்டதுண்டா?

நற்செய்தியில் பொறுப்பாளர் கடைசியில் என்ன செய்கிறார்? கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு அவர்கள் சுமையைக் குறைக்கிறார். நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகிறது, நூறு மூடை கோதுமை எண்பதாகிறது. அவர் செய்த மோசடியை ஆண்டவர் பாராட்டவில்லை. கையில் பொறுப்பு இருக்கும்போதே அடுத்தவர் சுமையைக் குறைத்த சாமர்த்தியத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறார். நம் கையிலும் கொஞ்ச காலத்துக்குப் பொறுப்பு இருக்கிறது. பராமரிக்கிற அந்தத் தாயின் நூறை நாம் ஐம்பதாக்கலாம்.

இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரனாடா நகரில் புத்தகம் விற்ற ஒருவர், மனம் உடைந்து தெருவில் அழுது புரண்டார். ஊரார் அவரைப் பைத்தியம் என்று மருத்துவமனையில் அடைத்தார்கள். அங்கே வைத்தியம் என்றால் கட்டிப்போட்டுச் சாட்டையால் அடிப்பதுதான். வெளியே வந்ததும் நோயாளிகளை மனிதராக நடத்தும் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். கூடையை எடுத்துக்கொண்டு இரவில் தெருத்தெருவாகப் பிச்சை கேட்டு அதை நடத்தினார். அவர்தான் புனித இறை யோவான். நோயாளிகளுக்காக வாங்கிய கடன் நிறைய இருந்தது. 1550இல் சாகக் கிடந்தபோது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிய ஏட்டைப் பேராயர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. புனிதர் விட்டுப்போன சொத்து ஒரு கணக்கேடு.

நம் பக்கத்திலும் ஒளி இருக்கிறது. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 500 கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு வருவதற்கு நேர் எதிரான வழி இது. கீழ்ப்பாக்கத்தின் முதல் பெண் கண்காணிப்பாளர் டாக்டர் சாரதா மேனன், 1961இலிருந்து 1978வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் அங்கே தொழில்வழிச் சிகிச்சை மையம் வந்தது. நோயாளிகள் ரொட்டி சுட்டார்கள், தறி நெய்தார்கள். மாகாண ஆண்டறிக்கையில் நோயாளியின் உழைப்பு விடுதியின் வரவாக எழுதப்பட்டது. பிற்காலத்தில் அந்த உழைப்புக்கு நோயாளிக்கே கூலி உண்டு என்ற எண்ணம் வேர்விட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை உரிமையாகவே எழுதிவிட்டது. மருத்துவ நிலையத்தில் நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. அவர் வேலை செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும். அழைத்துப் போகக் குடும்பம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உள்ளேயே வைத்திருக்கக் கூடாது. எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6. நமக்கு அன்று ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. மலைமேல் ஒளி வீசிய முகத்தை நாம் கொண்டாடிய அதே காலையில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு தனியார் மனநோயாளி விடுதியில் விடியுமுன் தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட விடுதிகளுக்குக் குடும்பங்கள் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தன. பணம் போய்ச் சேர்ந்தது, ஆனால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இதை வேறொரு மதத்தாரின் ஊரில் நடந்தது என்று தள்ளிவைத்துவிடாதீர்கள். சிலுவை மாட்டிய வாசலுக்குப் பின்னாலும் கதவைப் பூட்டிவைக்கும் இல்லங்கள் இருக்க முடியும். கணக்கும் பார்வையும் இல்லாத எந்த இல்லமும் ஏர்வாடி ஆகலாம்.

ஆகவே நான்கு காரியங்களைச் செய்யச் சொல்லி உங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, மனநோயாளி உள்ள குடும்பங்களுக்கு. அவருடைய பங்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும். அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். அவருக்கு வந்தது, அவருக்குச் செலவானது இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அக்கா தங்கை, மாமன் மச்சான் முன்னால் அந்த நோட்டைத் திறந்து வையுங்கள். சொத்தில் சிக்கல் இருந்தால், அவரை ஆபீசுக்கு அழைத்துப்போய் விரலை வைக்கச் சொல்லாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மனநோயும் சட்டப்படி ஒரு மாற்றுத்திறன்தான்; அதற்குரிய அடையாள அட்டையை வாங்கி வையுங்கள். மருந்துக்குக் கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரத்தில் பேச 14416 என்ற எண் இருக்கிறது.

இரண்டாவது, இல்லங்கள் நடத்துகிறவர்களுக்கு. நன்கொடை வாங்கும் கையே கணக்கும் காட்டட்டும். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி வேறு சகோதரர்களையும் கூட அனுப்பியவர் புனித பவுல். அவருக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால் நமக்கு எப்படித் தேவைப்படாமல் போகும்?

மூன்றாவது, நன்கொடை தருகிறவர்களுக்கு. பிறந்த நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். நேரில் போங்கள். சமையல்கட்டைப் பாருங்கள், கழிவறையைப் பாருங்கள், உள்ளே இருப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நான்காவது, நம் பங்குக்கு. பழைய சட்டம் பார்வையாளர்கள் மாதந்தோறும் விடுதிக்குப் போக வேண்டும் என்றது. நம் அன்பியங்களுக்கும் அப்படி ஒரு கடமை வேண்டும். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இரண்டு பேர், தங்கள் எல்லைக்குள் மனநோயாளி இருக்கும் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போங்கள். துப்புத் துலக்கப் போக வேண்டாம். அந்தத் தாய் மருந்து வாங்கப் போகும்போது வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய உதவி. வருகிற செப்டம்பர் 27 புனித வின்சென்ட் தே பவுலின் விழா. 1632இல் பாரிசில் புனித லாசர் மடத்தை அவர் ஏற்றுக்கொண்டபோது, அங்கே ஏற்கெனவே சில மனநோயாளிகள் இருந்தார்கள். அவர்களை அவர் வெளியே அனுப்பவில்லை, தம் பொறுப்பாக வைத்துக்கொண்டார். அவர் பெயரைத் தாங்கிய சபை நம் பங்கிலும் இருக்கிறது. இந்தப் பணியை அவர்கள் முன்னின்று நடத்தட்டும்.

மாற்கு நற்செய்தியில், கல்லறைகளில் சங்கிலியை முறித்துக்கொண்டு திரிந்த ஒருவர் ஆண்டவரால் தெளிவடைந்து, ஆடை உடுத்தி அமர்ந்திருந்தார். அதைப் பார்த்த ஊர் மகிழவில்லை. செத்துப்போன ஏறக்குறைய 2000 பன்றிகளின் கணக்குதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஆண்டவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு மனிதர் வீடு திரும்புவதா, பன்றிகளின் விலையா என்ற கேள்வி அந்த ஊருக்கு முன் வந்தது. நமக்கு முன்னும் அதே கேள்வி காட்டு விலையாக, வாடகையாக, மருந்துச் செலவாக வந்து நிற்கிறது.

கடவுளுக்கும் செல்வத்துக்கும் சேர்ந்து ஊழியம் செய்ய முடியாது என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் குடும்பத்தில் கணக்குக் கேட்க முடியாத ஒருவர் இருந்தால், அவர் பெயரில் இன்றே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால், இருக்கிற வீட்டுக்கு இந்த வாரமே போய் வாருங்கள். ஆமென்.